புலனாய்வு இதழ் என்றால் என்ன? பெரியம்மாவின் காலண்டரில் இருந்து ஒரு விளக்கம்

வட சென்னையில், எர்ணாவூரில் என் பெரியம்மா வீட்டு மாடியில் மாசி, பங்குனியில் வடாம் காயும். காலையில் வெள்ளைத் துணியில் பிழிந்துவிட்டு வந்தால், சாயங்காலம் எடுக்கும்போது மேலே மெல்லிசாக ஒரு சாம்பல் படிந்திருக்கும். விரலால் தடவினால் ரேகையில் கருப்பு ஏறும். எல்லா நாளும் இப்படி இல்லை, சில நாள்தான். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுவார்கள்.

பெரியம்மா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள்தான். அவற்றோடு சில கட்டங்களில் ‘சா’ என்று எழுதியிருப்பார். சாம்பல் விழுந்த நாள். சிலவற்றில் ‘நா’. நாற்றம் வந்த நாள். ராத்திரி வந்திருந்தால் பக்கத்திலேயே ‘11’, ‘2’ என்று மணியும் இருக்கும். வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டால், “மறந்துடும்ல, அதுக்குத்தான்” என்பார்.

தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறோம். ஒரு நாள் ஒரு பெண் கேட்டாள்: “அண்ணா, புலனாய்வுப் பத்திரிகைன்னா கொலை கேஸு, நடிகர் வீட்டுச் சண்டை, அதானே?” அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. கடைகளில் தொங்கும் போஸ்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் அப்படித்தான் பழகியிருக்கிறது. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்திக்கும் புலனாய்வுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் ஒரு குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாள் எல்லாத் தாள்களிலும் வந்தது. அது செய்தி. நடந்ததைச் சொல்கிறது, அவசியமானது. அந்தக் குழாயைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், சோதித்தவர் என்ன எழுதிவைத்தார், அது யார் மேஜைக்குப் போனது, போன பிறகு என்ன நடந்தது என்று ஒருவர் மாதக்கணக்கில் தேடிப் போனால் அது புலனாய்வு. யாரோ வெளியே வரவேண்டாம் என்று நினைக்கிற ஒரு விஷயத்தை, பொதுமக்களுக்கு அது தெரிந்தாக வேண்டும் என்பதற்காக, ஆவணமும் சாட்சியும் வைத்து நிரூபித்து எழுதுவது. போலீஸ் கொடுக்கிற குறிப்பை வாங்கி விறுவிறுப்பாக எழுதினால் அது புலனாய்வு ஆகாது.

மணலியில் நடந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து நகரமே சிதைந்தது. அடுத்த ஓரிரு நாளில்தான், 2015இல் பறிமுதல் செய்யப்பட்ட அதே வகைச் சரக்கு ஏறத்தாழ 700 டன் நம் மணலி கன்டெய்னர் கிடங்கில் கிடக்கிறது என்ற விஷயம் பெரிதாக வெளியே வந்தது. அப்புறம் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி லாரியாகப் போனது. ஐந்து வருஷம் அது அங்கேதான் இருந்தது, பக்கத்திலேயே வீடுகளும் இருந்தன. அந்த ஐந்து வருஷத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து கிளறியிருக்க வேண்டிய கேள்வி அது. வேறொரு ஊர் எரிந்த பிறகுதான் நம் ஊரில் கேட்கப்பட்டது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, இப்படி உட்கார்ந்து கிளறுவதையே வேலையாக வைத்துக்கொண்ட ஓர் இதழ் எப்படி இருக்கும்? நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற உதாரணம் அமெரிக்காவின் முற்போக்கு இதழான ‘மதர் ஜோன்ஸ்’. 1976இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஆடம் ஹோக்ஷில்ட், ரிச்சர்ட் பார்க்கர், பால் ஜேக்கப்ஸ் ஆகியோர் தொடக்கக்காரர்கள். ஆரம்ப அலுவலகம் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்கு மேல் மாடி.

அந்தப் பெயரில் ஒரு வரலாறு இருக்கிறது, வட சென்னைக்காரர்களுக்கு அது சட்டென்று புரியும். மேரி ஹாரிஸ் ஜோன்ஸ் அயர்லாந்தின் கார்க் பகுதியில் பிறந்தவர். 1867இல் மெம்பிஸ் நகரில் பரவிய மஞ்சள் காய்ச்சலில் கணவரையும் நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தார். சிகாகோ போய்த் துணி தைத்துப் பிழைத்தார். 1871இல் அந்த நகரம் தீப்பிடித்தபோது கடையும் போனது. அதற்குப் பிறகுதான் அவர் தொழிற்சங்கத்துக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளிகள் அவரை ‘மதர்’ என்றே கூப்பிட்டார்கள். நாம் அம்மா என்று கூப்பிடுவது போலத்தான். 1903இல் பிலடெல்பியா மில்களில் வேலை செய்த குழந்தைகளைத் திரட்டிக்கொண்டு, இயந்திரத்தில் விரல் போன பிள்ளைகளை ஊர் பார்க்கட்டும் என்று, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வீடு வரைக்கும் நடந்தார். ஜனாதிபதி அவர்களைச் சந்திக்கவில்லை. ஆனால் குழந்தைத் தொழிலாளர் பற்றிய பேச்சு நாடு முழுக்கப் போய்விட்டது.

இதைப் பெரம்பூர்ப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளிகளை வைத்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் அல்லவா? அதில் தோள் கொடுத்த திரு.வி.க. ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ நடத்திய பத்திரிகைக்காரர். 1923இல் இந்தச் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் ‘தொழிலாளன்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். தொழிற்சங்கமும் பத்திரிகையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்த ஊர் நம்முடையது.

இனி ஒரு கட்டுரையைக் கிட்டத்தில் பார்ப்போம். மதர் ஜோன்ஸை நாடறியச் செய்தது 1977 செப்டம்பர்–அக்டோபர் இதழில் மார்க் டவி எழுதிய கட்டுரை. ஃபோர்டு நிறுவனத்தின் பின்டோ என்ற சின்னக் காரைப் பற்றியது. அந்தக் காரின் பெட்ரோல் டாங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் டாங்க் நசுங்கிக் கிழிந்து தீப்பிடிக்கும். கார் விற்பனைக்கு வருவதற்கு முன்பே நிறுவனத்தின் சொந்தச் சோதனைகளில் இது தெரிந்திருந்தது என்று டவி எழுதினார்.

கட்டுரையோடு வந்த ஒரு தாள்தான் ஊரை உலுக்கியது. நிறுவனத்தின் உள் குறிப்பு ஒன்று. பெட்ரோல் கசிந்து தீப்பிடிப்பதைத் தடுக்க ஒரு வண்டிக்கு 11 டாலர் செலவாகும், 1.25 கோடி வண்டிகளுக்கு 13.7 கோடி டாலர். தடுக்காமல் விட்டால் 180 பேர் வெந்து சாவார்கள், 180 பேருக்குக் கடுமையான தீக்காயம் வரும், 2,100 வண்டிகள் எரியும். ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர், ஒரு தீக்காயத்துக்கு 67,000, ஒரு வண்டிக்கு 700. கூட்டினால் 4.95 கோடி டாலர். ஆக, தடுப்பதைவிட விடுவது மலிவு. மளிகைக் கடைக் கணக்கு மாதிரி வரிசையாகக் கூட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் படிப்பகத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையே கூட்டச் சொல்வேன். கூட்டி முடித்ததும் ரொம்ப நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

1978 ஜூனில் ஃபோர்டு 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னதாக ஆகும். அந்த உள் குறிப்பு, வண்டி உருண்டு கவிழும்போது ஏற்படும் கசிவைப் பற்றியது. பின்டோவுக்கு மட்டும் போட்ட கணக்கும் இல்லை, விதிமுறை வகுக்கும் அரசுத் துறைக்காகத் தயாரித்தது. அதோடு, குறைந்தது 500 பேர் இறந்திருப்பார்கள் என்று கட்டுரை சொன்னது. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை அப்போது எண்ணிக் கண்டது 27 சாவு. பிற்காலத்தில் சட்ட அறிஞர்கள் இதையெல்லாம் எடுத்துக் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். டாங்க் இருந்த இடத்தின் ஆபத்து நிலைத்து நின்றது, எண்ணிக்கை நிற்கவில்லை. புலனாய்வு எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். உன்னிடம் தாள் இருக்கிற இடம் வரைக்கும் போ. தாள் இல்லாத இடத்தில் ஒரு எண்ணைப் போட்டால், எதிராளி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்பான்.

இந்த இதழின் இன்னொரு பெரிய வேலை 1979 நவம்பரில் வந்தது. அமெரிக்காவில் தடை செய்த பூச்சிமருந்துகளையும், ஆபத்து என்று நிறுத்திய கருத்தடைச் சாதனத்தையும் ஏழை நாடுகளில் கொண்டுபோய்த் தள்ளுவதைப் பற்றி. அங்கே விற்க முடியாதது நம்மைப் போன்ற நாடுகளுக்கு வருகிறது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். 2012 செப்டம்பரில், ஜனாதிபதி வேட்பாளர் மிட் ராம்னி பணக்காரர்களின் விருந்தில் நாட்டின் 47 சதவீதம் பேர் அரசை நம்பி வாழ்கிறவர்கள் என்று பேசிய வீடியோவை டேவிட் கார்ன் வெளியிட்டார். அதை ரகசியமாகப் பதிவு செய்தவர் விருந்தில் மது பரிமாறிய தொழிலாளி.

இப்போது பணத்துக்கு வருவோம். புலனாய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் துணிச்சலைப் பற்றியே பேசுகிறார்கள், செலவைப் பற்றிப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் ஒரு புலனாய்வு நடப்பதும் நடக்காமல் போவதும் செலவில்தான் தீர்மானமாகிறது.

ஷேன் பவர் என்ற நிருபர் 2014 டிசம்பரில் லூசியானா மாநிலத்தில் ஒரு தனியார் சிறையில் காவலர் வேலைக்குச் சேர்ந்தார். சொந்தப் பெயரிலேயே விண்ணப்பம் போட்டார், சம்பளம் மணிக்கு 9 டாலர். நான்கு மாதம் உள்ளே இருந்தார். ஆள் பற்றாக்குறை, கத்திக்குத்து, சரியான மருத்துவம் இல்லாமல் வாடும் கைதிகள் என்று பார்த்ததையெல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு ஓராண்டுக்கு மேல் சரிபார்ப்பு, எழுத்து, வக்கீல் பார்வை. 2016 ஜூனில் கட்டுரை வந்தது. கிட்டத்தட்ட 35,000 சொற்கள். அந்த ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை, மத்திய அரசுக் கைதிகளைத் தனியார் சிறைகளில் வைப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் புதிய அரசு அதைத் திரும்பப் பெற்றது.

அந்த ஒரு கட்டுரைக்கு ஆன செலவு ஏறத்தாழ 3,50,000 டாலர் என்று இதழே சொன்னது. அதோடு வந்த விளம்பர வருமானம் 5,000 டாலர் அளவு. எழுபது ரூபாய் போட்டு ஒரு ரூபாய் எடுப்பதற்குச் சமம். எந்த வியாபாரியும் இதைச் செய்ய மாட்டான். அப்படியானால் மிச்ச அறுபத்தொன்பது ரூபாய் எங்கிருந்து வந்தது?

வாசகர்களிடமிருந்து. மதர் ஜோன்ஸ் தொடக்கத்திலிருந்தே லாப நோக்கில்லாத அமைப்பு. முதலாளி கிடையாது, லாபத்தில் பங்கு கேட்க யாரும் கிடையாது. சந்தாவும், வாசகர்கள் சின்னச் சின்னதாக அனுப்பும் நன்கொடையும்தான் வருமானத்தில் பெரும்பங்கு. அறக்கட்டளைகளின் உதவியும் கொஞ்சம் விளம்பரமும் அதற்கு மேல். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறோமே, அந்த மாதிரி ஊர் கூடித் தேர் இழுக்கிற ஏற்பாடு. ஒரு பெரிய ஆலை பக்கம் பக்கமாக விளம்பரம் தருகிற தாளில், அந்த ஆலையின் புகைபோக்கியைப் பற்றி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று பத்திரிகை வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்தாயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்தும் இதழை ஒருவர் கூப்பிட்டு ‘இதைப் போடாதே’ என்று சொல்ல முடியாது.

ஆனால் நசுக்குவதற்கு வேறு வழிகள் உண்டு. ஜனாதிபதி ரீகன் காலத்தில் வருமான வரித் துறை இந்த இதழின் லாப நோக்கற்ற தகுதியைப் பறிக்கப் பார்த்தது. இதழ் போராடித் தக்கவைத்துக்கொண்டது. 2012இல் ஒரு கோடீஸ்வரர் அரசியலுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எழுதியதற்கு அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2015இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஜெயித்த இதழுக்கும் அதன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து வழக்குச் செலவு 25 லட்சம் டாலர். அதனால்தான் இப்படிப்பட்ட இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. 2024இல் மதர் ஜோன்ஸ், 1977 முதல் இயங்கும் ‘சென்டர் ஃபார் இன்வெஸ்டிகேட்டிவ் ரிப்போர்ட்டிங்’ என்ற புலனாய்வுச் செய்தி அமைப்போடு இணைந்தது.

வழக்கு என்றதும் நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொடர் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபோது எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகளோடு அவனுக்கு இருந்த தொடர்பு வரும் என்பதால் தடுக்கப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யார் சம்மதமும் தேவையில்லை, தங்களைப் பற்றித் தப்பாக வரும் என்று பயந்து அதிகாரிகள் முன்கூட்டியே ஒரு வெளியீட்டைத் தடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் நாடு முழுக்க வக்கீல்கள் எடுத்துக் காட்டும் தீர்ப்பு அது, ஒரு தமிழ் வார இதழ் வாங்கிக் கொடுத்தது.

படிப்பகத்தில் ஒரு தம்பி கேட்டான்: “முற்போக்கு இதழ்னா ஒரு பக்கம் சாஞ்சுதானே எழுதுவாங்க? எப்படி நம்புறது?” நியாயமான கேள்வி. மதர் ஜோன்ஸ் தன் சாய்வை மறைப்பதில்லை. தொழிலாளி, சுற்றுச்சூழல், பெண்கள், கைதிகள், வாக்குரிமை என்று தன் அக்கறை எங்கே என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில் சாய்வு இருக்கலாம். கிடைத்த பதிலை எழுதுவதில் இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. கட்டுரையில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் பதில் கேட்டிருக்கிறார்களா? ஒவ்வொரு எண்ணும் எந்தத் தாளில் இருந்து வந்தது என்று சொல்கிறார்களா? தப்பு நேர்ந்தால் திருத்தம் போடுகிறார்களா? இந்த மூன்றும் இருந்தால், சாய்வு எந்தப் பக்கம் இருந்தாலும் படிக்கலாம். இவை இல்லாவிட்டால் நடுநிலை என்று மேலே எழுதியிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

இனி பெரியம்மாவின் காலண்டர். இவ்வளவு கேட்ட பிறகு, “நாம என்ன பண்ண முடியும்ணா?” என்றாள் அந்தப் பெண். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. நாட்டில் முதன்முதலாக 1997லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது தமிழ்நாடு. நாடு முழுமைக்குமான சட்டம் 2005இல் வந்தது. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

மனுவை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை பிள்ளைகள் எழுதியது: ‘எங்கள் பகுதியில் ஏன் சாம்பல் விழுகிறது? ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ கோபம் சரிதான், ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் அலுவலருக்குக் கட்டாயம் இல்லை. அவரிடம் இருக்கிற தாளைத்தான் கேட்க முடியும். எனவே மாற்றி எழுதினோம். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தக் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தில் மணிவாரியாகப் பதிவான அளவுகளின் நகல் தருக. இதே காலத்தில் வந்த புகார்களின் பதிவேட்டு நகலும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகலும் தருக.’ தேதிகளைப் பெரியம்மாவின் காலண்டரைப் பார்த்துத்தான் போட்டோம்.

முதலில் வந்த பதில் ஒரே வரி: கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை. தங்களிடம் இல்லையென்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. அதை எடுத்துக்காட்டி மேல்முறையீடு செய்தோம். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு பழுப்பு உறை வந்தது, உள்ளே நெருக்கமாக எண்கள் அச்சான தாள்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூர் வீட்டுத் தரையில் அந்தத் தாள்களையும் காலண்டரையும் பக்கம் பக்கமாக விரித்து உட்கார்ந்தோம். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘சா’, ‘நா’ இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார், அந்தப் பெண் தாளில் தேடிச் சொன்னாள். சில நாட்கள் அப்படியே பொருந்தின. அவர் ‘நா 11’ என்று எழுதிய ராத்திரி, தாளிலும் அந்த மணிக்கு எண் ஏறியிருந்தது. சில நாட்கள் பொருந்தவே இல்லை, அவர் சாம்பல் என்று எழுதிய நாளில் எண் சாதாரணமாக இருந்தது. இன்னும் சில நாட்களில் கட்டமே காலியாக இருந்தது, எந்த எண்ணும் இல்லை. பொருந்தியது, பொருந்தாதது, காலி என்று மூன்றாகப் பிரித்து, மூன்றையும் அப்படியே எழுதிவைத்தோம். பொருந்தாததை விட்டுவிடலாமே என்று ஒருவன் சொன்னான். பின்டோ கணக்கை நினைவுபடுத்தினேன், பேசாமல் எழுதிக்கொண்டான்.

இரண்டாவது மனு காலிக் கட்டங்களைப் பற்றியது. அந்த நாட்களில் கருவி பழுதா, பழுதென்றால் பராமரிப்புப் பதிவேட்டின் நகல் தருக என்று கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மாதம் முடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து அடுப்புக்குப் போடுகிற பழக்கத்தைப் பெரியம்மா விட்டுவிட்டார். ஒரு பிஸ்கட் டப்பாவில் மடித்து வைக்கிறார்.